தோளுக்குப் போனவன், தொப்பையோடு திரும்பினேன்: செம்பூர் நாட்குறிப்பு

ஜூன் 11, 2024

வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் தசைநாண் கிழிந்திருக்கிறதாம். ஹார்பர் லைன் ரயிலில் இருபது வருஷம் கைப்பிடியில் தொங்கியதற்குக் கூலி என்றேன், டாக்டர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே ஆபரேஷன் என்ற நினைப்பில் போனவனிடம் அவர் கேட்டதெல்லாம் சுகர், பி.பி., கொலஸ்ட்ரால். இடுப்பைக்கூட அளந்தார்கள். 104 சென்டிமீட்டர். நம்மூர் ஆண்களுக்கு 90தான் எல்லையாம். எரிச்சலாக வந்தது.

ஜூன் 14

சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) 9.2. 8க்குக் கீழே வரட்டும், அப்புறம் தேதி பார்க்கலாம் என்றுவிட்டார். சுகர் ஏறியிருந்தால் வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சரியாக எதிர்க்காது, தைத்த நாண் எலும்போடு ஒட்டுவதும் மந்தம், மறுபடி கிழியலாம். போதாததற்கு முகப்பருவோடு சேர்த்துச் சொல்லும் அதே கிருமி தோள் பக்கத் தோலில் குடியிருக்கிறதாம். என்னுடையது பழைய தேய்மானக் கிழிசல் என்பதால் காத்திருக்கலாம், விழுந்து புதிதாகக் கிழிந்திருந்தால் இவ்வளவு தள்ள மாட்டாராம். சரி, வலிக்காவது ஊசி போடுங்கள் என்றேன். ஸ்டீராய்டு ஊசி சில நாளைக்குச் சுகரை ஏற்றிவிடும், ஆபரேஷனை ஒட்டிப் போட்டால் தொற்று ஆபத்தும் கூடும் என்று அதையும் மறுத்தார்.

ஜூலை 2

பிசியோ. வடா பாவ் நிறுத்தம்.

செப்டம்பர் 8

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. பக்கத்து வீட்டு மோதகம், நம் வீட்டுக் கொழுக்கட்டை. ஒன்றே ஒன்று என்றுதான் ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 14

7.4! தேதி கிடைத்தது. ஆனால் மயக்க மருந்து டாக்டர் அடுத்த அத்தியாயத்தைத் திறந்தார். கழுத்தில் ஊசி போட்டுக் கையை மரக்க வைப்பார்கள், அது அந்தப் பக்கத்து உதரவிதானத்தையும் சில மணி நேரம் அசையவிடாது, எடை அதிகமுள்ளவர்களுக்கு மூச்சு திணறலாம். "குறட்டை விடுவீங்களா?" என்று என்னைக் கேட்டார், "கட்டிடமே அதிருது டாக்டர்" என்று மனைவி பதில் சொன்னாள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஒரு சோதனை எழுதினார். சாய்த்து உட்கார வைத்துத்தான் அறுப்பார்களாம், அப்போது பி.பி. இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும் என்பதால் அன்று காலை பி.பி. மாத்திரை டெல்மிசார்டன் வேண்டாம் என்றார். சுகர் மாத்திரை டாபாகிளிஃப்ளோசினை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், ஏனென்றால் சாப்பிடாமல் இருக்கும்போது சுகர் ஒழுங்காகக் காட்டிக்கொண்டே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும். இத்தனை நாள் முழுங்குகிறேன், இதை யாரும் சொன்னதில்லை.

செப்டம்பர் 27

முடிந்தது. கை தூளியில், இடது கையால் தட்டுகிறேன், பிழை பொறுக்கவும். நேற்று சுகர் 212. ஆபரேஷன் அழுத்தத்தில் உடம்பே ஏற்றிவிடும், இறங்கும் என்று நர்ஸ் சொன்னார். மனைவி நம்பவில்லை, என் தலையணைக்கடியில் மோதகம் தேடிக்கொண்டிருக்கிறாள்.