6080ஐக் கழற்றி 5998 போட்டுப் பார்த்தேன்

நான் கட்டிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்போன் ஆம்ப் பாடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. சுற்று எளிமையானது. முன்னால் ஒரு 12ஏயு7, பின்னால் ஒரு 6080. இரண்டுமே ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (மூன்று முனை கொண்ட பெருக்கி) அடங்கிய வால்வுகள், அதனால் ஒரு பாதி இடது காதுக்கு, மறு பாதி வலது காதுக்கு. 12ஏயு7 சிக்னலைப் பெருக்குகிறது. அதன் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளியேறும் முனை) நடுவில் கெபாசிட்டர் எதுவும் இல்லாமல் நேராக 6080இன் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) ஒயர் போகிறது. 6080 கேத்தோடு ஃபாலோயராக (வோல்ட்டேஜைப் பெருக்காமல், கேத்தோடு முனை வழியாகக் கரன்ட்டைக் கூட்டித் தரும் அமைப்பு) நின்று, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஹெட்போனை ஓட்டுகிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஹெட்போன் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600. இந்த மாதிரிச் சுற்றுக்கு 32 ஓம் ஹெட்போன் ஒத்துவராது. அந்த 100 மைக்ரோஃபாரடோடு சேரும்போது 50 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியத் தொடங்கிவிடும். 300 ஓமில் அது 5 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது.

வால்வு ஆம்ப் கட்டியவர்கள் அடுத்து இறங்குவது வால்வு மாற்றிக் கேட்கும் வேலையில்தான். சால்டரிங் அயர்ன் தேவையில்லை, ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகினால் போதும். என்னிடம் சேர்ந்தவை: இப்போதும் தயாராகும் ஜேஜே இசிசி82 (12ஏயு7க்கு ஐரோப்பாவில் அதுதான் பெயர்), பழைய ஆர்சிஏ 12ஏயு7ஏ, ஒரு 5814ஏ, ஒரு 12ஏடி7. பின்பக்கத்துக்கு 6080, ரஷ்ய 6என்13எஸ், அப்புறம் எல்லாரும் புகழ்கிற டங்-சால் 5998.

பின் (வால்வின் அடியில் இருக்கும் கம்பிக்கால்) பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகிவிடக் கூடாது. இசிசி88க்கும் அதே ஒன்பது பின்தான். ஆனால் அதன் ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) 4, 5 ஆகிய பின்களுக்கு இடையே இருக்கிறது. 12ஏயு7இல் 9ஆவது பின் ஹீட்டரின் நடுமுனை, இசிசி88இல் அதே பின் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு. 6.3 வோல்ட்டுக்காக நான் 4ஐயும் 5ஐயும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், அங்கே இசிசி88 எரியவே எரியாது. ஹீட்டர் கரன்ட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 6080 மட்டுமே இரண்டரை ஆம்பியர் குடிக்கிறது.

முதலில் மாற்றியது பின்பக்க வால்வைத்தான். 6080ஐ ஆறவிட்டுக் கழற்றி 5998ஐப் போட்டேன். பத்து நிமிடம் சூடேறவிட்டு, அதன்பின் ஹெட்போனைச் செருகினேன் (கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது வரும் 'தம்' ஹெட்போனுக்குப் போகக் கூடாது, எப்போதும் இதே வரிசைதான்). ஒரு மிருதங்கத் தனி ஓடியது. தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்காரம் இறுகி நின்றது, விரல் தோலைத் தொடும் ஒலி முன்னால் வந்தது, சுற்றி இருக்கும் இடம் பெரிதானது. மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "எல்லா வகையிலும் மேல்" என்று நோட்டில் எழுதினேன்.

மறுநாள் ஒன்று உறைத்தது. இரண்டு வால்வுக்கும் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது.

6080இன் மியூ (வால்வின் பெருக்கத் திறனைச் சொல்லும் எண்) 2. கேத்தோடு ஃபாலோயரில் அது உள்ளே வருவதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் வெளியே விடும். 5998இன் மியூ சுமார் ஐந்தரை, அது 0.85 பங்கை விடும். இங்கேயே 2 டெசிபல் வித்தியாசம். அடுத்து அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே ஹெட்போனுக்குத் தொடராக இருப்பதுபோல் நடக்கும் மின்தடை. வெறுமனே 1.00 வோல்ட் காட்டும் அவுட்புட்டில் 300 ஓம் ரெசிஸ்டரைக் கட்டினால் 6080இல் 0.69க்கு இறங்கியது, அதாவது 135 ஓம். 5998இல் 0.81, அதாவது 70 ஓம். இதில் இன்னும் 1.4 டெசிபல். ஆக, நான் கேட்டுச் சொக்கிப்போன 5998, 6080ஐவிட ஏறக்குறைய மூன்றரை டெசிபல் உரக்கப் பாடியிருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் சத்தமாகக் காதுக்குப் படவில்லை, தெளிவாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வால்வையும் ஹெட்போன் செருகிய நிலையில் அளந்து, சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் கேட்கிறேன். இதிலும் ஒரு தப்பு செய்தேன். என் மல்டிமீட்டர் குறைந்த அதிர்வெண்ணில்தான் நம்பகமாகக் காட்டும் என்பதால் 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை வைத்துச் சமப்படுத்தினேன். பாஸ் வித்தியாசம் காணாமல் போய், 5998இல் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. ஹெட்போனின் இம்பிடன்ஸை அளந்தபோது காரணம் புரிந்தது. பெரும்பாலான இடங்களில் 300 சொச்சம் காட்டும் அது, 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓமுக்கு ஏறுகிறது. ஆம்பின் இம்பிடன்ஸ் அதிகமாக இருந்தால் அந்த மேட்டில் மட்டும் வோல்ட்டேஜ் கூடும். 135 ஓமில் அது சுமார் 1.15 டெசிபல், 70 ஓமில் 0.7 டெசிபல். அந்த மேட்டின் உச்சியிலேயே நான் சமப்படுத்தியதால், 5998இல் மேட்டுக்கு வெளியே இருக்கும் எல்லாமே அரை டெசிபல் தூக்கலாகிவிட்டது. 400 ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். மல்டிமீட்டரும் அங்கே சரியாகவே காட்டுகிறது.

முன்பக்க வால்வுகளின் கதை வேறு. ஆர்சிஏவைப் போட்டதும் பாடகி கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டார். உள்ளே வரும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகினேன், அவர் இடப்பக்கமே இருந்தார். அப்படியானால் பிளேயரில் குற்றமில்லை, ஆம்புக்குள்தான். பிளேட்டை அளந்தால் இடது 79 வோல்ட், வலது 88. வலது பாதி தேய்ந்து கரன்ட்டைக் குறைவாக இழுக்கிறது, பெருக்கமும் 1.3 டெசிபல் குறைவு. நேரடி இணைப்பு என்பதால் அந்த 9 வோல்ட் அப்படியே 6080இன் கேத்தோடு வரை போய் அதன் கரன்ட்டையும் மாற்றியிருந்தது. ஜேஜேவைப் போட்டதும் அவர் நடுவுக்கு வந்தார். நல்ல பழைய ஆர்சிஏ ஒன்று கிடைத்தால் திரும்பக் கேட்க ஆசை.

12ஏடி7இன் மியூ 60, 12ஏயு7இல் 17 முதல் 20 வரை. எதிர்பார்த்தபடியே 9 டெசிபல் எகிறியது. குமிழை ஆரம்பத்திலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அந்த இடத்தில் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் நடப்பதில்லை, ஒரு காது கனத்தது. பென்சிலால் வால்வைத் தட்டினால் மணி அடித்ததுபோல் ஹெட்போனில் கேட்டது. இரைச்சலும் கூடுதல். அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டேன்.

6என்13எஸ் போட்டதும் ஹம் (தொடர்ந்து கேட்கும் ரீங்காரம்) வந்தது. வால்வைக் குறை சொல்வதற்கு முன்னால் பின்களைப் பார்த்தேன், கறுத்திருந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நாலைந்து தடவை செருகி எடுத்ததும் ஹம் அடங்கிவிட்டது. அளவுகளில் 6080க்கும் அதற்கும் பேர் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சத்தத்தைச் சமமாக்கினாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஆறவிட்டு, மாற்றி, மறுபடி சூடேற்ற இருபது நிமிடம் ஆகிறது. அதற்குள் முதலில் கேட்டது மனதில் எப்படியிருந்தது என்று சொல்ல முடிவதில்லை. அதனால் ஹெட்போன் செருகியிருக்கும்போதே ஆம்பின் அவுட்புட்டை சவுண்ட் கார்டில் பதிவு செய்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் அந்த 100 ஹெர்ட்ஸ் மேடு பதிவில் வராது, சோதனையே வீண். பதிவுகளைக் கணினி பெயர் மறைத்துக் கலைத்துப் போட, எது எது என்று பதினாறு தடவை சொல்ல வேண்டும்.

ஜேஜேவும் 5814ஏவும்: 16இல் 7 சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் எட்டு வரும். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

6080உம் 5998உம்: 16இல் 14 சரி. வெறும் ஊகத்தில் இவ்வளவோ இதற்கு மேலோ வருவதற்கு வாய்ப்பு சுமார் 500இல் ஒன்று. தொப்பியின் கும்காரத்தில்தான் பிடித்தேன், 6080இல் அது கொஞ்சம் பருத்துக் கேட்கிறது. முதல் நாள் கேட்ட அந்த இறுக்கம் பொய்யில்லை என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

அப்புறம்தான் இந்த மூன்று வாரத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சோதனையைச் செய்தேன். 5998 இருக்கும்போதே அவுட்புட்டில் தொடராக ஒரு 68 ஓம் ரெசிஸ்டரைக் கட்டினேன். 70உம் 68உம் சேர்ந்து 138, கிட்டத்தட்ட 6080இன் அளவு. சத்தத்தை மறுபடி சமமாக்கிப் பதிந்து 6080இன் பதிவோடு ஒப்பிட்டேன். 16இல் 9. கும்காரம் அதேபோல் பருத்துவிட்டது. ஆக என் ஆம்பில், இந்த ஹெட்போனில், 6080க்கும் 5998க்கும் நடுவே என் காது பிடித்த வித்தியாசம் முழுவதையும் அந்த 68 ஓமுக்குள் அடக்க முடிந்தது.

இப்போது அந்த ரெசிஸ்டருக்கு ஒரு டாகிள் சுவிட்ச் வைத்துவிட்டேன். மெலிந்த ஒலிப்பதிவுகளுக்கு ரெசிஸ்டர் உள்ளே, மிருதங்கமோ டபுள் பாஸோ முன்னால் நிற்கும் பதிவுகளுக்கு வெளியே. சாக்கெட்டில் 5998, முன்னால் ஜேஜே.

மிச்சம் ஒரு வேலை. 6080இல் 101 வோல்ட்டாக இருந்த கேத்தோடு, 5998இல் 91க்கு இறங்கியிருக்கிறது. 3 கிலோஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் ஓடும் கரன்ட் 34 மில்லியாம்பியரிலிருந்து 30 ஆகிவிட்டது. 2.7 கிலோஓமாக மாற்றினால் பழைய கரன்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 10 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு மேசைமேல் தயாராக இருக்கின்றன. பவர் சப்ளை கெபாசிட்டர் வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் 40 வோல்ட் காட்டுகிறது.