ஸ்டெப்னி உட்கார்ந்துவிட்டது: 1/25 ஸ்டட்ஸ் பிளாக்ஹாக், டிக்கி மூடி வேலை

டிக்கி மூடியில் ஓட்டை போட்டு, அதற்குள் ஸ்டெப்னியைச் சாய்வாக உட்கார வைத்து, சுற்றிலும் ஒரே சீரான இடைவெளி வரவேண்டும். வந்துவிட்டது. மூடியைத் திருப்பிப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒளிக்கோடு முழுச் சுற்றுக்கும் ஒரே தடிமனில் ஓடுகிறது. நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் நான் கட்டும் இந்த மாதிரி வண்டியில் மற்ற எதையும்விட இதற்குத்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன். அதனால் பெயின்ட் வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே எழுதுகிறேன்.

ஏன் இந்த ஒரு சக்கரத்தோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? ஸ்டட்ஸ் பிளாக்ஹாக் என்ற அமெரிக்க ஆடம்பரக் காரை வரைந்த வர்ஜில் எக்ஸ்னரின் கதையே அந்த டிக்கி மூடியில்தான் இருக்கிறது. 1951 இல் அவர் கிரைஸ்லருக்காக வரைந்து, இத்தாலியில் கியா (Ghia) என்ற பாடி கட்டும் பட்டறை கட்டிக் கொடுத்த கே-310 காட்சி வண்டியிலேயே டிக்கி மூடியில் ஸ்டெப்னியின் அச்சு புடைத்துக்கொண்டிருக்கும். 1957 முதல் கிரைஸ்லரின் ஆடம்பர வண்டியான இம்பீரியலில் அதே வட்டப் புடைப்பு கூடுதல் காசுக்குக் கிடைத்தது. உள்ளே சக்கரம் கிடையாது, வெறும் தகடு. டாய்லெட் சீட் என்று அமெரிக்காவில் கிண்டல் செய்தார்கள். அவர் விடவில்லை. 1970 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் பிளாக்ஹாக்கை அறிமுகம் செய்தபோது, மூடியைத் துளைத்துக்கொண்டு நிஜச் சக்கரமே வெளியே நின்றது. இருபது வருடப் பிடிவாதம் அது. அந்த இடத்தில் பட்டியைப் பூசிப் புடைப்பு மாதிரி காட்டிவிட்டுப் போனால், நான் கட்டுவது இம்பீரியலாகத்தான் இருக்கும்.

சரி, அடிவண்டிக்கு வருகிறேன். நிஜ பிளாக்ஹாக் பான்டியாக் கிராண்ட் பிரீயின் சேஸி மேல் எழுந்தது. எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிராண்ட் பிரீயின் பிளாஸ்டிக் மாதிரி கிட் சிக்கவில்லை. 1970 செவர்லே மாண்டி கார்லோ கிட் சிக்கியது. இரண்டும் ஒரே ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தளத்தின் பிள்ளைகள்தான். கிராண்ட் பிரீயின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 118 அங்குலம், மாண்டி கார்லோவுக்கு 116. அந்த இரண்டு அங்குலம் 1/25 இல் இரண்டு மில்லிமீட்டர். சேஸியை அறுத்து, ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) முன்னால் 2 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டினால் முடிந்தது. எஞ்சினுக்கும் அலையவில்லை. பான்டியாக் வி8 எஞ்சின்களில் 389, 400, 455 கன அங்குலம் எல்லாமே வெளியிலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒரே உருவம். பழைய பான்டியாக் ஜிடிஓ கிட்டில் மிஞ்சிக் கிடந்த எஞ்சினை எடுத்து, பான்டியாக் நீலம் அடித்து, 455 என்று வைத்துவிட்டேன். பானெட்டைத் திறந்து பார்ப்பவர் எவரும் குறை சொல்ல முடியாது.

பாடிதான் முழுக்கப் புதிது. நிஜ வண்டி கிட்டத்தட்ட 19 அடி நீளம். பாடியை இத்தாலியில் கையால் தட்டிக் கட்டினார்கள். முதல் மாதிரியைச் செய்தது கியா. பிற்பாடு மொடேனாவிலிருந்த படானே பட்டறை. நான் தேக்கு அச்சு செதுக்கி, அதன் மேல் 1 மி.மீ. ஸ்டைரீனைச் சூடுபண்ணி இழுத்து மட்கார்டுகளை எடுத்தேன். இதை நீங்கள் எல்லோரும் செய்திருப்பீர்கள், விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஓட்டை. டிக்கி மூடி நீளவாக்கிலும் வளைகிறது, அகலவாக்கிலும் வளைகிறது. அதற்குள் சக்கரம் சாய்ந்து இறங்குகிறது. இரட்டை வளைவுள்ள பரப்பைச் சாய்ந்த உருளை வெட்டினால் கிடைப்பது வட்டமும் அல்ல, சரியான நீள்வட்டமும் அல்ல. ஒரு பக்கம் பருத்த முட்டை வடிவம். காகிதத்தில் வரைந்து கத்தியால் வெட்டினால் எங்காவது ஓரிடத்தில் டயர் முட்டும், எதிர்ப்பக்கம் வாயைப் பிளக்கும். அரத்தால் ராவிக்கொண்டே போனால் ஓட்டைதான் பெரிதாகும்.

முதலில் சாய்வுக் கோணம் வேண்டும். பின்னாலிருந்து நேராக எடுத்த படத்தில் சக்கரத்தின் நடுமூடி நீள்வட்டமாகத் தெரியும். அதன் உயரத்தை அகலத்தால் வகுத்து, வருகிற எண்ணுக்கு காஸ் இன்வர்ஸ் போட்டால், நிமிர்ந்த நிலையிலிருந்து சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கிடைத்துவிடும். டயரை அளக்கக் கூடாது, பாதி உள்ளே மறைந்திருக்கிறது. நடுமூடிதான் முழுசாகத் தெரிகிறது. கிட்டே நின்று மொபைலில் எடுத்த படங்கள் உதவாது. கேமரா ஆள் உயரத்திலிருந்து கீழே பார்ப்பதால் கோணம் பொய் சொல்லும். ஏல நிறுவனங்கள் தூர நின்று, பெரிய லென்ஸ் போட்டு, வண்டியின் இடுப்பு உயரத்தில் எடுக்கும் படங்கள்தான் நம்பகமானவை. பக்கவாட்டுப் படத்திலும் அதே கோணம் வருகிறதா என்று ஒத்துப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஜிக், அதாவது கருவியைச் சரியான கோணத்தில் பிடித்து வழிகாட்டும் கட்டை. ஒரு அலுமினியக் கட்டையில் அதே சாய்வில் 30 மி.மீ. துளை. துளைக்குள் ஆடாமல் வழுக்கி இறங்க ஒரு தண்டு. தண்டின் மேல்பாதி 30 மி.மீ., அது துளையைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டும். கீழ்ப்பாதி 28 மி.மீ., என் டயரின் வெளிவிட்டம் அதே 28. கீழ்ப்பாதியைச் சுற்றி 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரே ஒரு சுற்று ஒட்டிவிட வேண்டும். இதில்தான் விஷயமே இருக்கிறது: டயரின் அளவிலேயே தண்டு, அதன் மேல் உப்புத்தாள், ஆக உப்புத்தாளின் தடிமன்தான் கடைசியில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. கால் மில்லிமீட்டர். நிஜ வண்டி அளவுக்குப் பெருக்கினால் ஆறு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கையால் கட்டிய இத்தாலிய பாடிக்கு அது பொருத்தமான இடைவெளிதான்.

மூடியை அதன் தேக்கு அச்சோடு சேர்த்தே ஜிக்குக்குக் கீழே இறுக்கி, நடுவில் இறுதி அளவைவிடச் சற்றே சின்னதாக ஒரு ஓட்டையை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட்டு, தண்டை இறக்கிக் கையால் அரை வட்டம் அந்தப் பக்கம், அரை வட்டம் இந்தப் பக்கம் என்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தவே கூடாது, தண்டின் எடை போதும். ஸ்டைரீன் சூடானால் உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும்; அதனால் இடையிடையே இரண்டு சொட்டுத் தண்ணீர். உப்புத்தாள் முதலில் மூடியின் மேல் விளிம்பைத் தொடும், பிறகு பக்கங்கள், கடைசியில்தான் கீழ் விளிம்பு. கீழ் விளிம்பிலும் தூள் விழ ஆரம்பித்ததும் கையில் ஒரு வழுக்கல் தெரியும், சத்தமும் மாறும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஜிக்கையும் தண்டையும் கடைந்து கொடுத்தது கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. “ஏனுங்க தம்பி, இது எந்த மோட்டாருக்குங்க புஷ்ஷு?” என்று கேட்டார் பட்டறைக்காரர். காருக்குங்கண்ணா, ஒரு சாண் நீளக் காருக்கு என்றேன். மொபைலில் இருந்த பிளாக்ஹாக் படத்தை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அவராகவே 30 மி.மீ. பாகத்தில் ஒரு எண்ணெய்க் காடி வெட்டிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அந்தக் காடிதான் தண்டை இவ்வளவு மென்மையாக இறங்க வைக்கிறது. வெளிநாட்டு ஹாபிக் கடைகளில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் இந்தக் கவனம் கிடைக்காது.

சக்கரங்களும் அவர் கடைந்ததுதான். ஆரம்பகால பிளாக்ஹாக்குகளுக்கு 17 அங்குலச் சக்கரமும் ஃபயர்ஸ்டோன் எல்எக்ஸ்எக்ஸ் டயரும் போட்டார்கள். காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய, தட்டையான பக்கச்சுவர் கொண்ட டயர். கிட்டில் வரும் சின்னச் சக்கரத்தைப் போட்டால் வண்டியின் முகமே மாறிவிடும். எக்ஸ்னருக்குச் சக்கரம் பெரிதாக, முழுசாகத் தெரிய வேண்டும். 1930களின் வண்டிகளில் அவருக்குப் பிடித்ததே அதுதான்: நீண்ட பானெட், குட்டை வால், கண்ணில் படும் சக்கரம், தனியாக நிற்கும் முகப்பு விளக்கு. 1961 இம்பீரியலிலேயே விளக்கைத் தனியாக நிறுத்திக் காட்டினார். வால் துடுப்புகளுக்காகவே அவரைப் பேசுகிறார்கள். எனக்கு அது போதாத பாராட்டாகப் படுகிறது. துடுப்பு ஐந்தாறு வருடத்தில் போய்விட்டது. பழைய வண்டியின் இலக்கணத்தைப் புதிய வண்டிக்குள் கொண்டுவர முடியும் என்ற எண்ணம்தான் அவர் விட்டுச் சென்றது. எழுபதுகளில் நியோகிளாசிக் என்று ஒரு வகையே உருவானபோது அதன் முன்வரிசையில் நின்றது பிளாக்ஹாக்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸில் ஸ்டைலிங் தலைவர் ஹார்லி எர்லிடம் வேலை பார்த்தபோது, முப்பது வயதுக்குள் பான்டியாக் ஸ்டைலிங் பிரிவுக்குத் தலைவரானவர் எக்ஸ்னர். கடைசியில் அவருடைய வண்டி ஏறி நின்றதும் பான்டியாக் சேஸி மேல்தான். 1973 டிசம்பரில் அவர் இறந்தார். வண்டி 1987 வரை வந்துகொண்டிருந்தது. எல்விஸ் பிரெஸ்லி 1970 இல் வாங்கினார் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும். வரைந்தவர் பெயரையும் கூடவே சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓட்டையைச் சுற்றி வரும் குரோம் பீடிங்குக்கு ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் 0.5 மி.மீ. சால்டரிங் லெட் போதும். மெத்தென்று வளையும், திரும்ப நிமிராது. முட்டை வடிவத்தை அப்படியே பின்தொடரும். சூப்பர் குளூவைச் சொட்டு சொட்டாக உள்பக்கம் விட்டு ஒட்டி, மேலே பாலிஷ் போட்டால் பழைய குரோமின் சற்றே மங்கிய பளபளப்பு வந்துவிடுகிறது. இதற்கு முதலில் மெட்டல் ஃபாயில்தான் நினைத்திருந்தேன். ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினேன், பெயர் வேண்டாம். வந்தது எத்தனை காலத்து ஸ்டாக்கோ, பசை காய்ந்து காகிதத்தோடு இறுகிப் போயிருந்தது. எடுத்தாலே கிழிகிறது. கஸ்டம்ஸ் வரி கட்டி எடுத்த பொருள் இப்படி. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஃபாயில் வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெயில் ஊர்களுக்குப் புது ஸ்டாக்தான் தாங்கும்.

கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் புகைக்குழாய்கள் 2 மி.மீ. அலுமினியக் குழாய். நிஜத்திலேயே அவை வெறும் அலங்காரம்தான், புகை வராது. அதனால் உள்ளே துளை போடும் வேலை மிச்சம்.

உள்ளலங்காரத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. நிஜ வண்டியில் 24 காரட் தங்க முலாம் பூசிய பாகங்கள் இருந்தன. தங்க நிற பெயின்ட் எதுவும் இந்த அளவில் தங்கமாகத் தெரிவதில்லை, துகள் துகளாகப் பித்தளை மாதிரி நிற்கிறது. டாஷ்போர்டு வளையங்களையும் கதவுப் பிடிகளையும் பித்தளையில் கடைந்து, நகைக்கு முலாம் போடும் பட்டறையில் கொடுத்து நிஜத் தங்கத்திலேயே நனைத்து வாங்கப் போகிறேன். கோயம்புத்தூரில் அதற்கா பஞ்சம்? ஒரு கிராமில் கொஞ்சூண்டு கூடச் செலவாகாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

பெயின்ட் ஆடி கழிந்துதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்வரை எந்தக் கதவை மூடினாலும் தூசி வந்துவிடும். ஈரக்காற்றில் லாக்கர் (lacquer) பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். நிஜ பிளாக்ஹாக்குக்கு 18 முதல் 22 பூச்சு லாக்கர் அடித்துக் கையால் தேய்த்தார்கள் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. 1/25 இல் அத்தனை பூச்சு அடித்தால் நான் பாடுபட்டு எடுத்த கால் மில்லிமீட்டர் இடைவெளி அடைந்துபோகும். ஓட்டையின் உள்விளிம்பை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, மெல்லிசாக நீர்த்த கறுப்பை ஏழெட்டுப் பூச்சோடு நிறுத்திக்கொண்டு, மீதியை 2000 நம்பர் வாட்டர் பேப்பரிடம் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

இதற்கிடையே அடுத்ததையும் பார்த்து வைத்துவிட்டேன். 1963 டிசம்பர் எஸ்குயர் என்ற அமெரிக்க இதழுக்காக எக்ஸ்னர் செத்துப்போன பழைய பிராண்டுகளைப் புது உருவத்தில் வரைந்தார்: ஸ்டட்ஸ், டூசன்பர்க், பேக்கார்ட், மெர்சர். அந்த வரைபடங்களை வைத்து ரென்வால் கம்பெனி அறுபதுகளிலேயே 1/25 பிளாஸ்டிக் கிட்டுகள் போட்டது. இவற்றில் மெர்சர் ஒரே ஒரு நிஜ வண்டியாகவும் உருவானது. கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் சேஸி மேல், தாமிரத் தொழில் சங்கத்தின் பணத்தில், டூரினில் கட்டினார்கள். அதனால் அதன் அலங்காரம் முழுக்கத் தாமிரமும் பித்தளையும். அதே பட்டறையில் அதே பித்தளையைக் கடைந்து அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதே கை துறுதுறுக்கிறது. பழைய ரென்வால் மெர்சர் பெட்டி ஒன்று ஏலத்தில் வந்திருக்கிறது. விலை இன்னும் ஏறாமல் இருந்தால் கேட்பேன்.

அதற்கு முன்னால் பிளாக்ஹாக்கின் முன்கண்ணாடி பாக்கி. ஆரம்பகால வண்டிகளில் அது நடுவே குரோம் பட்டையோடு இரண்டு துண்டு. வளைந்த ஒற்றைக் கண்ணாடியை நடுவில் அறுத்தால் கோணம் வராது. இரண்டையும் தனித்தனியாக 0.4 மி.மீ. அசிடேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளில் இழுத்தெடுக்க வேண்டும். அச்சுக்கான தேக்குத் துண்டை அறுத்து வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை செதுக்க உட்காருகிறேன்.