ஈடிபஸ் சண்டை போட்ட முச்சந்தி

எந்தப் பஸ், எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொள்கிறது. கிரேக்கப் புராண நாயகன் ஈடிபஸ் சண்டை போட்ட முச்சந்திக்குப் போய்வர, கிரீஸின் லிவாடியா ஊரில் டாக்சிக்காரர் பேசியது 40 யூரோ. திரும்பி வந்து இறங்கியதும் கேட்டது 65. காத்திருந்ததற்குத் தனியாம், மலைச்சாலைக்குத் தனியாம்! வாய்ச்சண்டை போட்டு 55-க்கு இறக்கினேன். டெல்ஃபி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது, ஆனால் அங்கே நிற்பதில்லை. அதனால் வந்த வினை.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. புதர் மண்டிய சரிவுகள், பர்னாசஸ் மலை, காற்று. தீப்ஸ், டெல்ஃபி, டாவ்லிஸ் பாதைகள் கூடிய இடம் இது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வந்த கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியாஸ், இங்கே கொலையுண்ட தீப்ஸ் மன்னன் லாயஸும் அவனுடைய வேலைக்காரனும் புதைக்கப்பட்ட இடத்தில் கற்குவியல் இருந்ததாக எழுதியிருக்கிறார். என் கண்ணில் எதுவும் படவில்லை.

ஆனாலும் காசு வீணில்லை. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்ஃபியில் குறி கேட்டு, வளர்ந்த ஊரான கொரிந்துக்கே திரும்புவதில்லை என்று நடந்து வந்தவன் ஈடிபஸ். எதிரே வண்டி. ஒதுங்கு என்று தள்ளுகிறார்கள். வண்டியோட்டியை அடிக்கிறான். உள்ளே இருந்த கிழவர் லாயஸ், அவன் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருந்து தார்க்கோலால் உச்சந்தலையில் போடுகிறார். கைத்தடியின் ஒரே வீச்சில் அவர் வண்டியிலிருந்து உருண்டு விழுகிறார். பெற்ற தகப்பன்! அதோடு நிற்காமல் கூட வந்தவர்களையும் அடித்துச் சாய்க்கிறான், தப்பியவன் ஒருவனே. எல்லாம் விதி என்பார்கள். அந்தக் குறுகலில் நின்றபோது எனக்குத் தெரிந்தது அப்பனுக்கும் மகனுக்கும் பொதுவான முன்கோபம்தான். வழிவிடுகிற பழக்கம் இருவருக்கும் இல்லை.

அவன் ஆண்ட தீப்ஸில் பழைய கோட்டை இன்றைய ஊருக்கு அடியில் கிடக்கிறது. கதையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அருங்காட்சியகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனாக்ராவில் கிடைத்த சுடுமண் சவப்பெட்டிகளில் பெண்கள் தலையில் கைவைத்து ஒப்பாரி வைக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டு தாண்டிய அழுகை.

டெல்ஃபியில் கூட்டம். அதைவிட அரஹோவாவில் சாப்பிட்ட ஃபோர்மாயெலா! அந்த ஊர்ப் பாலாடைக்கட்டி. வாணலியில் பொன்னிறமாக முறுகியதும் எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். டாக்சிக்காரரை அப்போதுதான் மறந்தேன்.

கையைக் கடிக்காத இடம் வேண்டுமா? ஏதென்ஸில் கோலோனோஸ் குன்று. கண்ணிழந்த ஈடிபஸ் கடைசியாக வந்து சேர்ந்த இடம், இந்தக் கதையை நாடகமாக்கிய சோஃபோகிளீஸ் பிறந்த ஊரும் அதுவே. அந்தக் கடைசி நாட்களைச் சொல்லும் அவருடைய ‘கோலோனோஸில் ஈடிபஸ்’ நாடகம் அவர் இறந்தபின், கி.மு. 401இல்தான் மேடையேறியது. இன்று அது பூங்கா, கட்டணமில்லை. மெட்ரோ டிக்கெட் 1.20 யூரோ; லாரிசா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். டாக்சி வேண்டாம்.