413 பவுண்ஸும் ஒரு மச்சானும்

2016இல் லண்டனில் தஞ்சம் கேட்டிருந்தேன். வாரத்துக்கு 36 பவுண்ஸ் 95 பென்ஸ் உதவிக் காசு. அதில் காசு கொடுத்து லோயர் பிடிக்க வழியில்லை. லோயருக்கு அரசாங்கமே காசு கொடுக்கும் லீகல் எய்ட் கிடைத்தபோது பாதிப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

லோயரிடம் கொடுத்த வாக்குமூலம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் ஃபோனில் இருந்தார். என்னைப் பிடித்துக்கொண்டு போன நாளைப் பற்றிக் கேட்டபோது, "மச்சானும் நானும் சைக்கிளில் வந்தோம்" என்றேன். அவன் என்னோடு படித்தவன். ஊரில் கூட்டாளியை அப்படித்தானே கூப்பிடுவோம்? தாளில் அவன் என் மனைவியின் தம்பியாகிவிட்டான். எழுதியதை ஒருவரும் தமிழில் வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்காமல் கையெழுத்து வைத்தேன்.

உள்துறை அமைச்சின் நேர்காணலுக்குத் தனியாகத்தான் போனேன். வயது வந்தவர்களோடு லோயர் கூட வருவதற்கு லீகல் எய்ட் பொதுவாகக் காசு கொடுப்பதில்லை. அங்கே அவனை நண்பன் என்றேன். நிராகரிப்புக் கடிதத்தில் இதற்கென்றே ஒரு பந்தி: கலியாணமே செய்யாதவனுக்கு மைத்துனன் எங்கிருந்து வந்தான்? அந்த ஒரு சொல்லோடு நான் சொன்னது எல்லாமே பொய்யாகிவிட்டது, முதுகில் இருக்கும் சூட்டுத் தழும்பு உட்பட.

மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். வெல்லும் வாய்ப்பு 50 வீதத்துக்குக் குறைவு, அதனால் லீகல் எய்ட் தர முடியாது என்று சொல்லி லோயர் ஒரு படிவத்தைக் கையில் தந்தார். அது சிடபிள்யூ4, அந்த முடிவை மீளப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் படிவம் என்பதை எனக்கு விளக்கியது எங்கள் ஊர் அக்கா ஒருவர். அவரே ஐந்து இடத்துக்கு ஃபோன் எடுத்தார். எங்கும் இடமில்லை. ஆறாவது இடம் என்னை எடுத்தது, அதுவும் லீகல் எய்ட்தான்.

அந்த லோயர் முதலில் கேட்ட கேள்வி: "இந்த மச்சான் யார்?" மூன்று நாள் இருத்தி, ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசிக்கவைத்துத் திருத்தினார். லீகல் எய்ட் நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்கி டொக்டரிடம் அனுப்பினார். டொக்டர் தழும்புகளை ஒவ்வொன்றாக அளந்து, சித்திரவதைக் காயங்களைப் பதிவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி எழுதினார். வழக்கு வென்றது.

காசுக் கணக்கு பிறகுதான் விளங்கியது. உள்துறை அமைச்சின் முடிவு வரும்வரையான முதற்கட்ட வேலை முழுவதற்கும் அப்போது லோயருக்குக் கிடைத்தது 413 பவுண்ஸ். 2011இல் 10 வீதம் வெட்டிய பிறகு வந்த தொகை அது. ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்தாலும் அதுதான், பத்து மணித்தியாலம் இருந்து எழுதினாலும் அதுதான். மணித்தியாலக் கணக்கில் வேலையின் பெறுமதி அதைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் செய்த நேரத்துக்கு ஏற்ற காசு கிடைத்தது. 413க்கும் அந்த மூன்று மடங்குக்கும் நடுவில் நிற்கும் லோயர் நல்லாக வேலை செய்தால் கைக்காசைத்தான் இழக்கவேண்டியிருந்தது. அங்கே மிச்சம் பிடித்த சில மணித்தியாலத்துக்காக நீதிபதி, தீர்ப்பாயம், இன்னொரு லோயர் என்று அதே அரசாங்கம்தான் எவ்வளவோ செலவழித்தது. எனக்கு அதில் ஒன்றரை வருடம் போனது.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளோடு கூடப் போகிறேன். கையெழுத்துக்கு முதல் எல்லாவற்றையும் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்போம். போன கிழமை ஒரு தம்பியின் தாளில் கார்த்திகை மாதம் ஒக்டோபர் என்று இருந்தது. திருத்திய பிறகுதான் பேனையை எடுத்தான்.