திமில் தெரிந்த பிறகுதான் பெயர் தெரிந்தது

பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு பழைய பெட்டகம் இருக்கிறது. போன தையில் வெள்ளையடிப்பதற்காக அதை நகர்த்தியபோது அடியில் ஒரு சுருக்குப் பை கிடைத்தது. உள்ளே மூன்று செப்புக் காசுகள். யார் வைத்தது என்று அப்பத்தாவுக்கும் தெரியவில்லை. "புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிரும்" என்றார்கள்.

இரண்டைத் தேய்த்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. செம்பின் மேல் காலம் காலமாகப் படிந்த கருந்தோல்தான் தேய்ந்த காசில் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டுகிறது. அது போனதும் ஒரு காசு வெறும் செப்பு வில்லையாகிவிட்டது. மற்றது சின்னது. உட்கார்ந்த அம்மன் உருவமும் பின்பக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்தும் தப்பியிருந்ததால், புதுக்கோட்டை அம்மன் காசு என்று சுலபமாகத் தெரிந்தது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு அது. எங்கள் பக்கத்து வீடுகளில் அபூர்வமில்லை.

மூன்றாவதில் கை வைக்கவில்லை.

முதலில் பத்தரிடம் கொண்டுபோய் நகைத் தராசில் நிறுத்தேன். 3.41 கிராம். குறுக்களவு 19 மில்லிமீட்டர். உருவமே தெரியாத காசுக்கு எடை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பாதி வேலையை முடித்தது அதுதான். வட்டமாக இருந்ததால் சங்க காலப் பாண்டியரின் சதுரக் காசு இல்லை. மதுரைப் பக்கம் வைகைக் கரையில் கிடைக்கும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் இதைவிட மிகச் சிறியவை. இராசராசன் வகைச் செப்புக் காசு நான்கு கிராமை ஒட்டி இருக்கும். தேய்மானத்தில் கொஞ்சம் போயிருந்தால் கணக்கு பொருந்துகிறது.

அப்புறம் வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை மேசையோடு படுக்கவைத்தேன். காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு படம் எடுத்தேன். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு மறைந்துவிடும், குறுக்கே ஓடும் கோடு நிழல் விழுந்து எழுந்து நிற்கும். அதனால் ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு படத்தின் மேலும் பட்டர் பேப்பரை வைத்து வரைந்து, குறைந்தது இரண்டு படங்களில் வந்த கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுப்பாடு மிகவும் முக்கியம். மனசு விரும்புவதைக் கண் தானாகவே வரைந்துவிடும்.

என் மனசு விரும்பியது இராசராசனை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், தோளும் இடுப்பும் தெளிவு. அந்தக் காசில் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும், கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயரும் இருக்கும். என் காசின் மறுபக்கத்தில் ஒரு புடைப்பு, அதை ஒட்டி ஒரு வளைவு. புடைப்பை மடித்த முழங்கால் என்றும் வளைவைத் தூக்கிய கை என்றும் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் அதே நினைப்புதான். எழுத்து மட்டும் எங்கே தேடியும் வரவில்லை.

காரைக்குடியில் நாற்பது வருடமாகக் காசு சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் தாளைக் கால் வட்டம் திருப்பி வைத்தார். "இப்பப் பாருங்க தம்பி."

முழங்கால் திமிலாகிவிட்டது. படுத்திருக்கும் காளை. நான் கை என்று நினைத்த வளைவு அதற்கு மேலே பிறை. கீழே, நான் தேய்மானம் என்று ஒதுக்கிய இடத்தில், ஒரு எழுத்தின் கொம்பும் அதை அடுத்து பாதிச் சுழியும். அவர் தன்னிடம் இருந்த நல்ல காசைப் பக்கத்தில் வைத்தார். அதில் அதே இடத்தில் தமிழில் 'சேது' என்று முழுசாக இருந்தது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. நிற்கும் உருவத்தைச் சோழர் காசு வழியில் வைத்துக்கொண்டு, மறுபக்கம் தங்கள் நந்தியைப் போட்டிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று முன்பு சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைச் சொல்லும் இலங்கையின் கொட்டகமக் கல்வெட்டும் 'சேது' என்றுதான் தொடங்குகிறது. 1619இல் போர்த்துக்கீசியர் பிடித்ததோடு அந்த அரசு முடிந்தது. எந்த அரசர் அடித்தது என்று இந்தக் காசைக் கேட்க முடியாது, அதில் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வந்து மூன்று காகித உறை செய்தேன். ஒன்றின் மேல் "சேது காசு, 3.41 கிராம், 19 மி.மீ., இரண்டாங்கட்டுப் பெட்டகம்" என்று எழுதினேன். மற்ற இரண்டிலும் எடையை எழுதி, அதன் கீழே "புளியால் தேய்க்கப்பட்டது" என்றும் எழுதி வைத்தேன்.