நாமா, நாங்களா

மார்ச் 3
ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. காலையிலிருந்து பதினோரு முறை பார்த்துவிட்டேன்.

மார்ச் 5
சார் தீசிஸின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். ஆங்கிலத்தில் 'ஐ' (I) வந்த இடமெல்லாம் அடித்து, மேலே சின்னதாக 'வி' (we). நாற்பத்தொரு இடம், எண்ணினேன். பொங்கலன்று ஊருக்குப் போகாமல், மல்லேஸ்வரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து செல்களுக்கு மீடியா, அதாவது அவை வளரும் ஊட்டக் கரைசல், மாற்றியது யாராம்? நானும் இன்குபேட்டருமா?

மார்ச் 6
ஹெதரிங்டன் என்றொரு அமெரிக்க இயற்பியலாளர். தனியாக எழுதிய கட்டுரையில் முழுக்க 'வி' என்று டைப் அடித்துவிட்டார். ஓர் ஆள் எழுதியதற்கு 'வி' ஆகாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றிருக்கிறார் நண்பர். மறுபடி அடிக்கச் சோம்பல். வீட்டுப் பூனைக்கு எஃப்.டி.சி. வில்லர்ட் என்று பெயர் சூட்டி இணை ஆசிரியராக்கிவிட்டார். 1975இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்தேவிட்டது.

எங்கள் பிஜி விடுதி மாடிப்படியிலும் ஒரு பூனை படுத்துக் கிடக்கிறது. அதற்கும் நட்சத்திரக் குறி (உழைப்பில் சமபங்கு என்று ஆசிரியர் பெயருக்கு மேல் போடுவது) கேட்பார்களோ என்னவோ.

மார்ச் 7
பார்க்கவில்லை. (பொய். இரண்டு தடவை.)

மார்ச் 9
அம்மா போனில், "என்னதான் எழுதுற, சொல்லேன்" என்றாள். தமிழில் சொன்னேன்: செல்கள் வளர்க்கப்பட்டன, கழுவப்பட்டன, எண்ணப்பட்டன.

"யாரு கழுவினா?"

"நான்தான்."

"அப்புறம் அதைச் சொல்றதுக்கென்ன?"

தூக்கமே வரவில்லை. ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே 'வி'. 'படம் 2இல் பார்க்கிறோம்' என்றால் அது நாம், வாசிப்பவரும் உள்ளே. 'மாதிரிகளைச் சேகரித்தோம்' என்றால் நாங்கள், அவர் வெளியே. சார் போட்ட நாற்பத்தொன்றில் பாதிக்கு இரண்டுமே பொருந்தவில்லை. 1928இல் இயற்பியலாளர்கள் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் நேச்சர் இதழுக்கு அனுப்பிய குறிப்பு 'இஃப் வி அஸ்யூம்' என்றுதான் தொடங்குகிறது. இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ். மனசுக்குள் எந்த 'வி' ஓடியிருக்கும்? கிருஷ்ணன் அந்த பிப்ரவரியில் டைரியும் எழுதியிருக்கிறார்.

மார்ச் 12
சாரிடம் கேட்டேவிட்டேன். 'ஐ' போட்டால் எக்ஸாமினருக்குத் திமிராகத் தெரியும் என்றார், அன்பாகத்தான். நட்சத்திரக் குறியைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13
சீனியர் பெயரில் நட்சத்திரம். சமபங்காம். எந்தப் பொங்கலுக்கு?

மார்ச் 15
பதில் வந்துவிட்டது. கட்டுரையை மதிப்பிட்ட இரண்டாம் ரிவ்யூவருக்குக் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை) போதவில்லை. 'ஆசிரியர்கள்' மறுபடி செய்து காட்ட வேண்டுமாம். சீனியர் லீவில். திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து உறைந்த செல்கள் உள்ள சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து, 37 டிகிரித் தண்ணீரில் உருக வைத்தாயிற்று.