மிலிட்டரி வண்டிக்கு மிலிட்டரி பச்சை அடிக்கக் கூடாது

வீட்டு முன்னாடி நிக்கிற வண்டிய பாக்கிற எல்லாரும் மொதல்ல கேக்கிறது இதுதான், "ஏனுங்க, மிலிட்டரி வண்டிய வாங்கிட்டு வந்து நீலக் கலர் அடிச்சு வெச்சிருக்கீங்க, பச்சை அடிச்சா எவ்ளோ கெத்தா இருக்கும்?" கெத்தாத்தான் இருக்கும், ஆனா சட்டம் விடாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121ன்னு ஒரு விதி இருக்கு, ஆலிவ் கிரீன்ங்கற அந்த மிலிட்டரி பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான், மத்தவங்க யாரும் அடிக்கக் கூடாது, அவ்ளோதான். நாப்பது வருசத்துக்கு மேல ஆன வண்டியா இருந்தாலும், ராணுவமே ஏலத்துல வித்ததா இருந்தாலும், நம்ம கைக்கு வந்துட்டா அது சாதா வண்டிதான்.

வண்டி என்னன்னு சொல்லிடறேன். நிசான் ஒன் டன், ஒரு டன் லோடு ஏத்தற ராணுவ லாரி. சீனா கூட 1962ல நடந்த போருக்கப்புறம் பல வருசம் நம்ம ராணுவம் மூணு வண்டிய நம்பித்தான் ஓடுச்சு, பெருசுக்கு சக்திமான் லாரி, சின்னதுக்கு ஜோங்கா ஜீப், நடுவுல இந்த நிசான். மூணுமே ஜபல்பூர்ல செஞ்சது. சக்திமானுக்கு ஜெர்மனி மேன் கம்பெனி லைசென்ஸ், மத்த ரெண்டுக்கும் ஜப்பான் நிசான். ஜோங்காவ இப்ப எல்லாருக்கும் தெரியும், 2019ல தோனி ஒண்ணு வாங்கி ராஞ்சில ஓட்டினாரில்ல, அதுலேர்ந்து அது பக்கம் போக முடியல, துருப்பிடிச்ச பாடிக்கே வாய் கூசாம வெல சொல்றாங்க. ஆனா அதே ஆறு சிலிண்டர் 3956 சிசி பெட்ரோல் இன்ஜின்தான் ஒன் டன்லயும் இருக்கு, இத எவனும் சீண்டறதில்ல. எனக்கு அது வசதியாப் போச்சு.

என்னோடது திருச்செங்கோடு பக்கம் போர்வெல் போடற ஒரு ரிக் ஓனர்கிட்ட இருந்தது. போர்வெல் போடற எடத்துக்கு டீசல் பேரல், அரிசி மூட்டை, ஆளுங்களோட படுக்கை எல்லாம் ஏத்திட்டுப் போற வண்டியா பல வருசம் ஓடி, கடைசில தென்னந்தோப்புல நின்னுருச்சு. நல்லவேளை டீசல் இன்ஜின் மாத்தல. இந்த நிசான் பெட்ரோல் இன்ஜின் இருக்கிற வண்டி கைக்கு வந்தா நம்மாளுங்க மொத வேலையா அத எறக்கிட்டு டீசல் ஏத்திடுவாங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன், லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர் தர்ற இன்ஜின வெச்சு தொழில் பண்ண முடியுமா? ஆனா தொழிலுக்கு இல்லாம ஆசைக்கு வெச்சிருக்கிறவன் அந்த இன்ஜின கழட்டக் கூடாதுங்கறது என் கட்சி. அது ஐட்லிங்ல நிக்கிற சத்தம் டீசல்ல வராது.

அதுக்காக "நம்பர் மேட்சிங்", அதாவது ஃபேக்டரில மாட்டின அதே இன்ஜின்தான் இருக்கணும்னு பேசறவங்களோட சேந்துக்கவும் மாட்டேன். காருக்கு அது சரி. மிலிட்டரி வண்டில, ராணுவத்தோட பெரிய ரிப்பேர் எடமான பேஸ் ஒர்க்‌ஷாப்புக்கு ஓவர்ஹாலுக்குப் போனா இன்ஜின் ஒரு பக்கம் போகும், சேஸ் ஒரு பக்கம் போகும், திரும்பி வர்றப்ப ரெடியா இருக்கிற வேற இன்ஜின மாட்டி அனுப்பிடுவாங்க. வண்டி ஓடணும், அவ்ளோதான் அவங்க கணக்கு. அதனால என் வண்டில இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஒரே நாள்ல பொறந்ததான்னு யாராவது கேட்டா சிரிச்சுட்டு டீ வாங்கிக் குடுத்துடுவேன்.

பெயிண்ட் உரிச்சதுதான் இந்த வேலையிலயே எனக்கு ரொம்பப் புடிச்சது. மேல ரிக் ஓனர் அடிச்ச நீலம், அதுக்குக் கீழ பச்சை, அதுக்குக் கீழ வேற ஷேடு பச்சை, அப்புறம் ரெட் ஆக்சைடு. முன் பம்பர்ல எமரி போட்டுத் தேய்க்கத் தேய்க்க மேல் நோக்கி ஒரு அம்புக்குறி வந்துச்சு, ராணுவ நம்பர் அம்புக்குறிலதான் ஆரம்பிக்கும், அடுத்து வர்ற ரெண்டு இலக்கம் வண்டி வாங்கின வருசம். எனக்கு 7 மட்டும் கெடச்சுது, அடுத்த இலக்கம் இருந்த எடத்துல எவனோ வெல்டிங் வெச்சிருக்கான். எழுபதுகள்ல வந்த வண்டின்றதோட நிறுத்திக்க வேண்டியதுதான். மட்கார்டுல சக்கரத்துக்கு மேல டிபின்னு எழுதி ஒரு நம்பர், டயர்ல எவ்ளோ காத்து அடிக்கணும்னு டிரைவர் மறக்காம இருக்கறதுக்கு.

அடுத்து வண்டிக்கடியில படுத்து பின்னாடி கிரவுன் ஹவுசிங்க, அதான் ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல உருண்டையா இருக்கிற கியர் பெட்டிய, தொடச்சோம். கிரீஸும் மண்ணும் சேந்து கல்லு மாதிரி ஒட்டியிருந்துச்சு, டீசல ஊத்தி வயர் பிரஷ் போட்டா உள்ள வெள்ளையா தெரியுது. எனக்கு உதவிக்கு வர்ற நாமக்கல் மெக்கானிக் அண்ணன் லாரிலயே வயசக் கழிச்சவரு, அவரே, "என்ன கண்ணு இது, கிரவுனுக்கு எவனாச்சும் சுண்ணாம்பு அடிப்பானா?"ன்னாரு. அது கான்வாய்க்காக. ராத்திரி ஹெட்லைட் போடாம வரிசையா போறப்ப பின்னாடி அடியில ஒரு குட்டி லைட்டு மட்டும் இந்த வெள்ளை மேல விழும். பின்னாடி வர்ற டிரைவருக்கு அந்த வெள்ளை வட்டம் மட்டும் தெரியும், அதப் புடிச்சுட்டே வருவான், மேல பறக்கிற விமானத்துக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாம் உலகப் போர்லயே பிரிட்டிஷ்காரன் லாரிகள்ல இருந்த பழக்கம் இது. அண்ணன் கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம், "அப்ப இதுக்கு வெள்ளை அடிச்சே ஆகணும்"னு அவரே பெயிண்ட் டப்பாவ எடுத்துட்டாரு. 121ஆவது விதில வெள்ளைக்குத் தடை இல்ல.

மத்த மெக்கானிக் வேலையெல்லாம் பழைய வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பிரேக் வீல் சிலிண்டர் உள்பக்கம் குழி விழுந்திருந்துச்சு, லேத்துல ஸ்லீவ் போட்டு புது ரப்பர் கிட் மாட்டியாச்சு. வால்வு கிரைண்டிங் பண்ணோம், இன்ஜின் சிலிண்டர் உள்சுவர் நல்லா இருந்ததால பிஸ்டன தொடல. ஸ்பேர் பார்ட்ஸ் பாதி சென்னை புதுப்பேட்டை, பாதி டெல்லி மாயாபுரி, மீதி லேத்துல கடைஞ்சது.

இப்ப பெரிய தலைவலி பெட்ரோல்தான். பங்க்ல இப்ப கெடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த இன்ஜின் டிசைன் பண்ண காலத்துல அந்தப் பேச்சே கெடையாது. எத்தனால் பழைய ரப்பர உப்ப வெச்சுடும், தண்ணிய இழுக்கும், வண்டி மாசக்கணக்கா நின்னா டேங்க் அடியில தண்ணி தனியா பிரிஞ்சு துருப்பிடிக்கும். ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற மெட்டீரியலா மாத்தினேன், நிறுத்தி வெக்கறப்ப கார்புரேட்டர காலி பண்ணிடறேன். பழைய பெட்ரோல் வண்டி வெச்சிருக்கிறவங்க மத்தத தள்ளிப் போட்டாலும் இத இந்த மாசமே பண்ணிடுங்க, சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் சொட்டினா நம்ம ஹாபி பத்தி எரிஞ்சுரும்.

ஜூன் மாசம் வந்தா ஃபிரான்ஸ்ல நார்மண்டி பக்கம் ரெண்டாம் உலகப் போர் நினைவா ஐரோப்பாக்காரங்க வில்லிஸ் ஜீப், ஜிஎம்சி லாரின்னு பச்சை மேல வெள்ளை நட்சத்திரம் போட்டு ஊர்வலம் விடறாங்க, வீடியோ பாக்கறப்ப பொறாமையாத்தான் இருக்கும். எங்கூர்ல அந்த மாதிரி போனா மொத செக்போஸ்ட்லயே ஓரங்கட்டிருவாங்க. சில பேரு கொஞ்சம் ஷேட மாத்தி, பச்சையும் இல்லாம காக்கியும் இல்லாம ஒண்ணு அடிச்சுட்டு ஆர்சில வேற கலர் பேரு எழுதிக்கறாங்க. எனக்கு அந்த வெளயாட்டு வேணாம்னு தோணுச்சு. யோசிச்சுப் பாத்தா இந்த வண்டி ராணுவத்துல இருந்தத விட ரிக்கோட சுத்தின வருசந்தான் அதிகம், டோர்ல அந்த ஓனர் எழுதின குலதெய்வத்துப் பேரு இன்னும் மங்கலா இருக்கு. அதனால அவரு அடிச்ச நீலத்தையே சாம்பிள் எடுத்துட்டுப் போயி கலக்கச் சொல்லி அடிச்சேன், சாமி பேரத் தொடல. உள்ள கேபினுக்குள்ள டேஷ்போர்டுக்குப் பின்னாடி, சீட்டுக்கு அடியில பழைய பச்சை அப்படியே இருக்கு, அதுக்கு மேல எதையும் அடிக்கல, துரு வராம கிளியர் கோட் மட்டும்.

இனி மிச்சம் பின்னாடி தார்ப்பாய் கட்டற வளைவுக் கம்பிங்க. என் வண்டில ஒண்ணு கூட இல்ல, போட்டோ பாத்து வளைக்கலாம்னா வளைவு சரியா வர மாட்டேங்குது. யார்கிட்டயாவது ஒன் டன் முழுசா இருந்தா, கம்பியக் குடுக்க வேணாம், நான் டேப்போட வந்து அளவு மட்டும் எடுத்துக்கறேன்.